பெட்டியில் ஒரு வேகம், மேசையில் ஒரு வேகம்: ஹார்ட் டிஸ்கை நீங்களே அளந்து பார்க்கும் வழி

கொங்கு நாட்டுக் கல்யாணத்தைப் படம்பிடிக்கிறவர்களுக்கு மற்ற ஊர்க்காரர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே டிஸ்க் வேண்டும். முதல் நாள் மாலை தொடங்கும் சீர்கள் மறுநாள் முகூர்த்தம் வரை நீளும். இணைச்சீரில் ஒரு துண்டு விட்டுப்போனாலும் மாப்பிள்ளையின் சகோதரிக்கு யார் பதில் சொல்வது? அதனால் கேமரா ஓய்வதே இல்லை. விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதியும் 4கே காணொளி, மணிக்கு 45 ஜிபி பிடிக்கும். இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் ஆறு மணி நேரம் என்றால் 540 ஜிபி. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்த மண்டபத்துக்குக் கிளம்ப முடியும்.

கையடக்க ஹார்ட் டிஸ்கின் பெட்டியில் ‘5 ஜிபிபிஎஸ்’, அதாவது விநாடிக்கு 5 கிகாபிட், என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தக் கணக்குப்படி 540 ஜிபி ஏறுவதற்குக் கால் மணி நேரம் போதும். மேசையில் வைத்து ஏற்றிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கேபிள் தவறாக அமைந்துவிட்டால் நான்கு மணி நேரத்தையும் தாண்டும். டிஸ்க் பழுதா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, கணினிதான் பழசாகிவிட்டதா என்று புதிதாக ஸ்டூடியோ வைத்தவர்கள் குழம்புவது இங்கேதான். திருப்பூரில் டிசைன் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்களும் ஈரோட்டுக் கடைகளில் தினமும் டேலி கணக்குக்கு பேக்கப் எடுப்பவர்களும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். யாரையும் கேட்காமல், செலவில்லாமல், ஒரு மாலைப் பொழுதில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். டிஸ்க் வாங்கிய வாரத்திலேயே செய்துவிடுங்கள். திருப்பித் தரும் கெடு முடிந்த பிறகு அளந்தால் மனவருத்தம்தான் மிஞ்சும்.

பெட்டியில் இருப்பது எதனுடைய வேகம்?

‘ஏனுங்க, 5 ஜிபி என்றுதானே போட்டிருக்கிறது?’ என்று கேட்பவர்களுக்கு, போர்வெல் மோட்டாரை வைத்துச் சொன்னால் உடனே புரிந்துவிடுகிறது. அரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கு நான்கு அங்குலக் குழாய் போட்டால் தண்ணீர் அதிகமாக வந்துவிடுமா? வராது. மோட்டார் தள்ளுகிற அளவுதான் வரும். பெட்டியில் எழுதியிருக்கும் 5 ஜிபிபிஎஸ் என்பது குழாயின் அகலம், அதாவது யுஎஸ்பி இணைப்பு தாங்கக்கூடிய உச்ச அளவு. உள்ளே சுழலும் தட்டு எவ்வளவு தரும் என்பதை அது சொல்லவே இல்லை. பெட்டியில் எழுதியது பொய் அல்ல. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது விடையும் அல்ல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

முதல் படி: காகிதத்தில் கணக்கு

பெட்டிகள் பெரும்பாலும் பிட் கணக்கில் பேசும். உங்கள் கணினி பைட் கணக்கில் காட்டும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே பெட்டியில் உள்ளதை எட்டால் வகுக்க வேண்டும். 5 ஜிபிபிஎஸ் இணைப்பிலும், கணினிக்குள் டிஸ்கை மாட்டும் சாட்டா இணைப்பிலும் எட்டு பிட் தகவலைப் பத்து பிட்டாக மாற்றி அனுப்புகிறார்கள் என்பதால், அங்கே பத்தால் வகுப்பதே சரி. 5 ஜிபிபிஎஸ் என்றால் விநாடிக்கு 500 எம்பி (மெகாபைட்). இடையில் நடக்கும் கைகுலுக்கல்கள் எல்லாம் போக 400 முதல் 450 வரை நடைமுறையில் கிடைக்கும். 6 ஜிபிபிஎஸ் சாட்டா என்றால் 600. சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் பதியும் எஸ்எஸ்டி நல்லதாக இருந்தால் அதில் 550 வரை போகும். 2000-ஆம் ஆண்டில் வந்த யுஎஸ்பி 2.0-வின் 480 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்), காகிதத்தில் 60 எம்பி. கையில் கிடைப்பது 35 முதல் 40 வரை.

பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். 2008-இல் யுஎஸ்பி 3.0 என்று வந்ததையே பிறகு 3.1 ஜென் 1 என்றார்கள், அதற்குப் பிறகு 3.2 ஜென் 1 என்றார்கள். மூன்றும் ஒன்றுதான், மூன்றும் அதே 5 ஜிபிபிஎஸ்தான். ‘3.2 என்றால் புதியது, வேகமானது’ என்று சொல்லி ஒருவர் கூடுதல் பணம் கேட்டால், ஜென் எண் என்ன என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள்.

இப்போது மோட்டாருக்கு வருவோம். நிமிடத்துக்கு 5400 சுழற்சி கொண்ட 2.5 அங்குலக் கையடக்க டிஸ்க், காலியாக இருக்கும்போது பெரிய கோப்பு ஒன்றை விநாடிக்கு 110 முதல் 140 எம்பி வரை எழுதும். மேசைக் கணினிக்குள் இருக்கும் 3.5 அங்குல 7200 சுழற்சி டிஸ்க், கொள்ளளவைப் பொறுத்து 180 முதல் 260 வரை போகும். சாட்டா எஸ்எஸ்டியை யுஎஸ்பி 3.0 உறையில் போட்டால் 400-க்கு மேல். 10 ஜிபிபிஎஸ் கையடக்க எஸ்எஸ்டி 1000 எம்பியை ஒட்டி வரும். மலிவான பென் டிரைவ் மட்டும் படிக்கும்போது சிங்கம். எழுதும்போது பலவும் 10 முதல் 30-க்குள் படுத்துவிடும். பெட்டியில் பெரும்பாலும் படிக்கும் வேகத்தை மட்டுமே போடுவார்கள்.

இவற்றில் உங்கள் டிஸ்க் வகைக்கு உரிய எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்கள் டிஸ்க் எட்ட வேண்டியது இதைத்தான், பெட்டியில் உள்ளதை அல்ல.

இரண்டாம் படி: கேபிளும் போர்ட்டும்

நான் பார்த்த அளவில், ‘டிஸ்க் மெதுவாக இருக்கிறது’ என்று வருகிற புகார்களில் பாதிக்கு மேல் டிஸ்கின் குற்றமே இல்லை. கேபிளைச் சோதிக்காமல் டிஸ்கைத் திட்டுவதில் பயனில்லை.

யுஎஸ்பி 2.0 செருகியில் நான்கு தொடுமுனைகள், 3.0 செருகியில் ஒன்பது. போர்ட்டுக்குள் உள்ள பிளாஸ்டிக் நாக்கு நீல நிறமாகவோ, பக்கத்தில் ‘எஸ்எஸ்’ என்ற குறியோ இருந்தால் பெரும்பாலும் 3.0. எல்லா நிறுவனங்களும் நீலம் போடுவதில்லை என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. மேசைக் கணினியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டில் நேராகச் செருகுங்கள். இடையில் ஹப் எதுவும் வேண்டாம்.

டைப் சி கேபிள்தான் பெரிய வலை. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் கைபேசி சார்ஜருடன் வரும் டைப் சி கேபிள்களில் பல, தகவல் அனுப்புவதற்கு யுஎஸ்பி 2.0 கம்பிகளை மட்டுமே கொண்டவை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய எஸ்எஸ்டியை அந்தக் கேபிளில் மாட்டினால் அது 40 எம்பிக்கு மேல் போகாது. டிஸ்குடன் வந்த கேபிளில் ஒரு துண்டு நாடாவை ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். அலுவலகத்தில் யாராவது அதை எடுத்துக் கைபேசிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள்; இது நடக்காத அலுவலகம் இல்லை.

இன்னொன்று விளையாட்டுபோல் தோன்றும், ஆனால் உண்மை. 3.0 செருகியை மிக மெதுவாக உள்ளே தள்ளினால், முன்னால் உள்ள நான்கு முனைகள் முதலில் தொட்டு, கணினி அதை 2.0 என்று பதிவு செய்துகொள்ளலாம். ஒருமுறை கழற்றி, தயங்காமல் ஒரே தள்ளாகச் செருகிப் பாருங்கள். மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் ரிப்போர்ட்டில் யுஎஸ்பி பகுதியைத் திறந்தால், டிஸ்க் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

மூன்றாம் படி: பெரிய கோப்பு, கைக்கடிகாரம்

மென்பொருளுக்கு முன் உங்கள் சொந்தக் கோப்பால் அளப்பதே நல்லது. உங்கள் கணினியின் ரேம் எவ்வளவோ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் பெரிய காணொளிக் கோப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 16 ஜிபி ரேம் என்றால் 40 ஜிபி கோப்பு. சிறிய கோப்பை எடுத்தால் விண்டோஸ் அதை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு ‘முடிந்தது’ என்று சொல்லிவிடலாம். டிஸ்க் பின்னால் மெதுவாக எழுதிக்கொண்டிருக்கும்.

அந்தக் கோப்பு கணினியின் உள்ளே உள்ள எஸ்எஸ்டியில் இருக்க வேண்டும். மெமரி கார்டிலிருந்தோ வேறொரு பழைய டிஸ்கிலிருந்தோ எடுத்தால், நீங்கள் அளப்பது அதனுடைய வேகத்தையே. பரவலாகப் பயன்படும் யுஎச்எஸ் 1 வகை மெமரி கார்டின் உச்சமே 104 எம்பிதான். அதே டிஸ்குக்குள் ஓர் ஃபோல்டரிலிருந்து மற்றொன்றுக்கு நகல் எடுத்து அளப்பதும் கூடாது. தட்டின்மேல் நகரும் ஒரே தலை படிக்கவும் எழுதவும் மாறி மாறி ஓடுவதால் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும்.

கணினியில் ஓடும் மற்ற வேலைகளை நிறுத்துங்கள். நகல் எடுக்கத் தொடங்கும்போது கைபேசியில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். நகல் சாளரம் மூடியதும் நிறுத்திவிடாதீர்கள். டிஸ்கைப் பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்து, ‘இப்போது எடுக்கலாம்’ என்று விண்டோஸ் சொன்ன பிறகு நிறுத்துங்கள். அதுவே முழு நேரம். கோப்பின் ப்ராப்பர்ட்டீஸில் பைட் எண்ணிக்கை முழுதாக இருக்கும். அதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் எம்பி. அதை விநாடியால் வகுத்தால் வேகம்.

விண்டோஸ் தானாகக் காட்டும் எம்பி கொஞ்சம் வேறு. அது 10,48,576 பைட்டை ஒரு எம்பி என்று கொள்கிறது. டிஸ்க் நிறுவனங்கள் பத்து லட்சத்தைக் கொள்கின்றன. வேகத்தில் இந்த வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள்தான். கொள்ளளவில்தான் கண்ணில் உறுத்தும்: 1 டிபி டிஸ்க் விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டுவது இதனால்தான். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

அடுத்தது படிக்கும் வேகம். உடனே திருப்பி நகல் எடுத்தால் ரேமில் மிச்சமிருப்பதே வந்து நிற்கும். டிஸ்கைக் கழற்றி, கணினியை மறுபடி தொடங்கி, அதன் பிறகு அளங்கள்.

நான்காம் படி: சிறு கோப்புகள்

திருப்பூர்க்காரர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும். எம்பிராய்டரி டிசைன், லேபிள், ஆர்டர் தாள் என்று ஒரு ஃபோல்டருக்குள் 20,000 கோப்புகள் இருக்கும்; ஒவ்வொன்றும் 50 கேபி. எல்லாம் சேர்ந்தாலும் 1 ஜிபிதான். ஒரே கோப்பாக இருந்தால் பத்து விநாடியில் ஏறிவிடும் அளவு. ஆனால் இப்படிச் சிதறியிருந்தால் கால் மணி நேரம் ஓடும்.

காரணம் இயந்திரத்தின் உள்ளே இருக்கிறது. 5400 சுழற்சி டிஸ்கின் தட்டு ஒருமுறை சுற்ற 11.1 மில்லி விநாடி ஆகும். தேவையான இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை அந்த வரிசைக்கு நகர வேறு பத்து மில்லி விநாடிக்கு மேல் போகிறது. ஆக, விநாடிக்கு அறுபது எழுபது இடங்களைத்தான் அது எட்டிப் பிடிக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் உள்ளடக்கத்தை ஓரிடத்தில் எழுதி, அதன் பெயரையும் இடத்தையும் அட்டவணையில் வேறோர் இடத்தில் எழுத வேண்டும். இப்படி அலைந்து விநாடிக்கு இருபது கோப்பு ஏறினால் அதுவே நல்ல வேலை. கூடவே வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

எனவே உங்கள் உண்மையான வேலை ஃபோல்டர் ஒன்றை எடுத்துத் தனியாக அளங்கள். இங்கே எம்பி கணக்கை மறந்துவிட்டு, நிமிடத்துக்கு எத்தனை கோப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். தினசரி பேக்கப் என்றால் எல்லாவற்றையும் சுருக்காமல் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்புவது பெரிய நிவாரணம். உங்கள் வேலை முழுக்கச் சிறு கோப்புகள் என்றால், 7200 சுழற்சி டிஸ்க் தேடி அலைவதைவிட எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள். அதில் நகர வேண்டிய தலை கிடையாது.

ஐந்தாம் படி: வரைபடத்தைப் படிப்பது

நகல் சாளரத்தில் ‘மோர் டீட்டெயில்ஸ்’ என்பதை அழுத்தினால் ஒரு பச்சை வரைபடம் விரியும். வேக எண்ணைவிட அந்தக் கோட்டின் வடிவம் அதிகம் சொல்லும். மருத்துவர் இசிஜியைப் பார்ப்பதுபோல் என்று சொல்லி மிகைப்படுத்த மாட்டேன். நான்கைந்து வடிவங்கள்தான், ஒரு நாளில் பழகிவிடும்.

கோடு 35-க்கும் 40-க்கும் நடுவே தரையில் படுத்ததுபோல் நேராகப் போகிறது என்றால், எங்கோ யுஎஸ்பி 2.0 நுழைந்திருக்கிறது. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். அதேபோல் 110-ஐ ஒட்டி அசையாமல் போனால், அலுவலக நெட்வொர்க் வழியாக நகல் எடுக்கிறீர்கள் என்று பொருள். கிகாபிட் லேனின் எல்லை அது. அந்த இடத்தில் 11 மட்டும் வந்தால் லேன் கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று அறுந்து, இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கியிருக்கலாம். தையல் கூடங்களில் மேசைக் காலுக்கு அடியில் நசுங்கிய கேபிள்கள் இப்படித்தான் வேலை செய்யும்: இணைப்பு இருக்கும், வேகம் இருக்காது.

தொடக்கத்தில் 300, 400 என்று எகிறி, சில விநாடிகளில் சடாரென்று விழுந்து, பிறகு 120-இல் நிலைத்தால் பயப்பட ஒன்றுமில்லை. முதலில் நீங்கள் பார்த்தது ரேமின் வேகம். நிலைத்த எண்ணே டிஸ்கினுடையது. எஸ்எஸ்டியில் இதே வடிவம் பல ஜிபி ஏறிய பிறகு வந்தால், அதன் வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பிவிட்டது என்று பொருள். மலிவான எஸ்எஸ்டிகள் அதற்குப் பிறகு ஹார்ட் டிஸ்கைவிடவும் கீழே இறங்குவது உண்டு. ஏப்ரல், மே மாதக் கரூர் வெயிலில், மின்விசிறிகூட இல்லாத அறையில் வைத்திருந்தால், சூட்டைத் தணித்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும் செய்யும்.

மணிக்கணக்கில் ஓடும் நகலில் கோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே போகிறதா? அது சுழலும் டிஸ்கின் இயல்பு. தட்டின் வெளிவட்டம் நீளமானது. ஒரே சுற்றில் அதிகத் தகவல் தலைக்குக் கீழே கடந்துபோகும். உள்வட்டம் குறுகியது. டிஸ்க் வெளியிலிருந்து உள்ளே நிரம்புவதால், காலியாக இருந்தபோது 130 கொடுத்தது, நிரம்பும் தறுவாயில் 65 கொடுக்கும். விளம்பரத்தில் வருவது வெளிவட்டத்தின் எண். கல்யாண சீசனுக்கு நேரக் கணக்குப் போடும்போது அதில் முக்கால் பங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 540 ஜிபிக்கு ஒன்றரை மணி நேரம் என்று மேலே சொன்னது அப்படி வந்ததுதான்.

ரம்பப்பல்போல் ஏறி இறங்கி, இடையில் சுழியத்தைத் தொட்டுத் தொட்டு வரும் கோடுதான் எனக்குப் பிடிக்காதது. பெரும்பாலும் எஸ்எம்ஆர் முறையில் எழுதும் டிஸ்குகளின் அடையாளம் இது. அவற்றில் தகவல் வரிசைகள் கூரை ஓடுகள் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும். ஒரு வரிசையைத் திருத்தினால் பக்கத்து வரிசைகளையும் சேர்த்து மறுபடி எழுத வேண்டும். அந்தச் சுமையைத் தள்ளிப்போட ஒரு தற்காலிகப் பகுதி உண்டு. அது நிரம்பிய பிறகு வேகம் இருபது முப்பதுக்கு விழும். கையடக்க டிஸ்குகள் பல இந்த வகையே. பெட்டியில் அதைச் சொல்வது அரிது. 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ‘ரெட்’ வரிசை டிஸ்குகள் சிலவற்றில் சொல்லாமலே இந்த முறை பயன்படுத்தப்பட்டது தெரியவந்து பெரிய சர்ச்சை ஆனது. அதன் பிறகே அந்த நிறுவனமும் சீகேட், டோஷிபா நிறுவனங்களும் எந்த மாடலில் எந்த முறை என்று பட்டியல் வெளியிட்டன. ஆகவே மாடல் எண்ணை வைத்து நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டால், ஒருமுறை எழுதிவிட்டு எடுத்து வைக்கும் காப்பகமாகப் பயன்படுத்துங்கள்; அதற்கு அது போதும். எடிட்டிங் அதன்மேல் வேண்டாம். பெரிய நகல் முடிந்ததும் உடனே பிடுங்காமல் சிறிது நேரம் மின்சாரத்தில் விட்டு வைத்தால், தன் அடுக்கு வேலையை அது முடித்துக்கொள்ளும்.

ஆறாம் படி: மென்பொருள் சோதனை

விண்டோஸுக்கு கிறிஸ்டல் டிஸ்க் மார்க் இலவசமாகக் கிடைக்கிறது. மேக்குக்கு பிளாக்மேஜிக் டிஸ்க் ஸ்பீட் டெஸ்ட். முன்னதில் மேல் வரிகள் தொடர்ச்சியான பெரிய கோப்பின் வேகம். கீழ் வரிகள் 4 கேபி துண்டுகளாக அங்கங்கே எழுதும் வேகம். சுழலும் டிஸ்கில் கடைசி வரி 1 எம்பியைக்கூட எட்டாது. அதிர வேண்டாம், மேலே சொன்ன தலை அலையும் கதைதான் அது. விளம்பரத்தோடு ஒப்பிட மேல் வரி. உங்கள் அன்றாடத்தோடு ஒப்பிடக் கீழ் வரி.

இணையத்தில் நம்ப முடியாத விலைக்கு 16 டிபி என்று ஏதாவது வாங்கியிருந்தால், வேகம் பார்ப்பதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறு மென்பொருளை ஓட்டுங்கள். அது டிஸ்க் முழுவதையும் நிரப்பி, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று திரும்பப் படித்துச் சொல்லும். போலி டிஸ்குகள் கொள்ளளவைப் பெரிதாகக் காட்டிவிட்டு, இடம் தீர்ந்ததும் பழையதன்மேலேயே எழுதிக்கொண்டிருக்கும். நல்ல டிஸ்குக்கும் இந்தச் சோதனை பயன்படும், ஏனென்றால் முதல் ஜிபி முதல் கடைசி ஜிபி வரையிலான சராசரி வேகம் இதில் கிடைத்துவிடுகிறது. 1 டிபி கையடக்க டிஸ்குக்கு எழுத மூன்று மணி நேரம், படிக்க மூன்று மணி நேரம் பிடிக்கும். இரவில் யுபிஎஸ் இணைப்பில் ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

எழுதி வைப்பது

பெரிய கோப்பை எழுதும் வேகம், படிக்கும் வேகம், சிறு கோப்புகள் நிமிடத்துக்கு எத்தனை, எந்தப் போர்ட், எந்தக் கேபிள், தேதி: இவை போதும். ஒரு சீட்டில் எழுதி டிஸ்கின் உறைக்குள் வையுங்கள். எதிர்பார்த்ததில் எண்பது சதவீதத்துக்கு மேல் வந்தால் நல்ல டிஸ்க். பாதிக்கும் கீழே வந்தால், வேறு கேபிள், வேறு கணினி இரண்டிலும் ஒருமுறை அளந்துவிட்டு, அந்த எண்களோடு கடைக்குப் போங்கள். ‘அண்ணா, மெதுவாக இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் ‘எல்லாம் அப்படித்தான் தம்பி’ என்ற பதில்தான் கிடைக்கும். ‘40 ஜிபி கோப்புக்குப் பன்னிரண்டு நிமிடம், இரண்டு கணினியிலும் அதே’ என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரு வருடம் கழித்து அதே டிஸ்கை அதே கேபிளில் மறுபடி அளக்கும்போது, நிரம்பியதால் ஏற்படும் சரிவைக் கழித்துவிட்டுப் பாருங்கள். அதற்கும் மேலாக வேகம் விழுந்திருந்தால், நடுநடுவே நின்று நின்று ஓடினால், ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால், கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் உடல்நிலை ‘காஷன்’ என்று மஞ்சளில் காட்டினால், அன்றைக்கே உள்ளே இருப்பதை வேறு டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள். மறுபடி கிடைக்காத காணொளிகள் முதலில், மற்றவை பிறகு. அது முடியும்வரை அந்த டிஸ்கில் எந்த வேகச் சோதனையும் ஓட்டாதீர்கள்.